சிக்கனம் பூத்த முற்றம்

இந்த முற்றத்தின் அழகைப் பார்க்க வருகிறவர் முதலில் குனிய வேண்டும். நிமிர்ந்த நடையில் கடந்து போகிறவருக்குக் கிடைப்பது கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சாம்பல் பூத்த பச்சை, நடுவே வளைந்து போகும் ஒரு ஜல்லிப் பாதை, அவ்வளவுதான். குனிந்தவருக்கோ எழுந்திருக்க மனம் வராது. சென்னையின் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையிலிருந்து கடல் பக்கமாக உள்ளே தள்ளி நிற்கிறது எங்கள் குடியிருப்பு. நான்கு கட்டடங்களுக்கு நடுவே கால் ஏக்கர் பொது நிலம். சில ஆண்டுகள் முன்புவரை அது புல்தரை. இன்று சோழமண்டலக் கரையின் சொந்தச் செடிகள் அங்கே குடியிருக்கின்றன. அவற்றை நாள்தோறும் பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்ட ஒன்றைச் சொல்ல ஆசை. இங்கே நாம் எந்த நயத்தைக் கண்டு மயங்கினாலும், அருகே போய்ப் பார்த்தால், அது தண்ணீரைச் சேமிக்க அந்தச் செடி செய்துகொண்ட ஓர் ஏற்பாடாக இருக்கிறது. இலையின் மினுக்கம், தண்டின் பட்டு ரோமம், பூ மூடிக்கொள்ளும் நேரம், கொடி மண்ணுக்குள் மறைந்துபோகும் பருவம் எல்லாமே அப்படித்தான்.

பழைய புல்தரையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். செம்மண் பரப்பி அதன்மேல் பதித்த கொரியன் புல் அது. அதற்கும் ஒரு மென்மை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வெட்டிச் சீராக்கிய புல்தரை என்ற ஆசை இங்கிலாந்தின் வானத்துக்குக் கீழே வளர்ந்த ஆசை. லண்டனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. சென்னையில் 1,400 வரை பெய்கிறது. அங்கே அது பன்னிரண்டு மாதங்களுக்கும் தூறலாகப் பங்கிடப்படுகிறது. இங்கே பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மிச்சக் காலமெல்லாம் புல்லுக்கு நாம்தான் மழை. கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளைக்கு 4, 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். கால் ஏக்கர் என்பது 1,000 சதுர மீட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று மூன்று நாளைக்குத் தாங்காது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் ரயிலேறி வந்த நாட்களைச் சென்னைக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கோடையில் எங்கள் புல் வைக்கோலாயிற்று. அடுத்து வந்த அசோசியேஷன் கூட்டங்களில் பேசிப் பேசி, ஒரு வழியாக முற்றத்தை மண்ணின் செடிகளிடம் கொடுத்தோம். இனி அவற்றையே பார்ப்போம்.

குழந்தைகள் ஓடியாடும் நடுப்பகுதியிலிருந்து தொடங்கலாம். அங்கே தரையோடு தரையாகப் படர்ந்திருப்பது பொடுதலை. ஏரிக்கரையிலும் வாய்க்கால் வரப்பிலும் கேட்பாரற்றுக் கிடப்பது; பொடுகுக்குத் தைலம் காய்ச்சுகிறவர்கள் மட்டும் தேடிப் போவது. மிதித்தால் நோகாது. ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்வதால் கால்பட்ட இடத்தில் கொடி அறுந்தாலும் அறுந்த துண்டு தனியாகப் பிழைத்துக்கொள்கிறது. இலையைக் கவனியுங்கள். அடியில் குறுகி நுனியில் அகன்ற சின்னஞ்சிறு இலை. அதன் மேல்பாதி விளிம்பில் மட்டும் பல் வெட்டியிருக்கிறது, கீழ்ப்பாதி வழுவழுப்பாக ஓடுகிறது. ஏன் அங்கே தொடங்கி அங்கே நின்றது அந்த வெட்டு என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாதியோடு நிறுத்திக்கொண்ட அடக்கம் என்னை ஒவ்வொரு முறையும் நிற்க வைக்கிறது.

பொடுதலையின் பூ அதைவிட நுட்பம். இலைக்கக்கத்திலிருந்து மெல்லிய காம்பு ஒன்று எழும்பும். அதன் தலையில் கருஞ்சிவப்பாக ஒரு குமிழ். அந்தக் குமிழைச் சுற்றி ஒற்றை வரிசையில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மணிப்பூக்கள். ஒவ்வொன்றின் தொண்டையிலும் ஒரு துளி மஞ்சள். ஏழு கல் வைத்த பழைய மூக்குத்தியை இவ்வளவு சிறிதாகச் செய்யச் சொன்னால் எந்தப் பத்தரும் கையை விரித்துவிடுவார். இந்த வளையம் கீழிருந்து மேலே ஏறுகிறது. இன்று பூத்த வரிசை உதிர, நாளை அதற்கு மேல் வரிசை விரிகிறது. வளையம் ஏற ஏற நடுக்குமிழ் நீள்கிறது. ஒரு பூந்தலை தன் வாழ்நாள் முழுக்க, எந்த நாளில் பார்த்தாலும், ஒரே ஒரு வளையம்தான் அணிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விரித்துக் காட்டும் ஆடம்பரம் அதற்கு இல்லை. அதனால்தான் மாதக் கணக்கில் பூத்துக்கொண்டே இருக்க முடிகிறது. நகக்கண் அளவு நீலப் பட்டாம்பூச்சிகள் காலையில் இந்த வளையங்களில் உட்கார்ந்து எழுவதைப் பார்க்க, ஐந்தாம் தளத்துப் பெரியவர் ஒருவர் நாற்காலியைக் கையோடு கொண்டுவருகிறார்.

ஜல்லிப் பாதையின் ஓரமாக இரண்டடி தள்ளிப் பாருங்கள். அதுவும் காலை வேளையில் பாருங்கள். தரையில் நீலப் பொட்டுகள் சிதறியிருக்கும். விஷ்ணுகிராந்தி. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாத வட்டப் பூ. ஐந்து இதழும் ஒன்றாய் இணைந்து ஒரே தட்டாக விரிந்திருக்கும், நடுவில் வெள்ளை. நீலத்தில் எத்தனையோ வகை உண்டு. சங்குப்பூவின் நீலம் ஆழமானது, மையைத் தொட்டுவிடுவது. விஷ்ணுகிராந்தியின் நீலம் மழை ஓய்ந்த மறுநாள் விடிகாலை வானத்தின் நீலம். அதில் கனமே இல்லை. கையை நிழலாக வைத்துப் பார்த்தால் அது கொஞ்சம் கூடும். நேர் வெயிலில் கொஞ்சம் வெளுக்கும்.

உச்சி நெருங்கும்போது இந்த நீலம் கண்முன்னே கரைந்துவிடும். ஒவ்வொரு பூவும் இதழைச் சுருட்டி மூடிக்கொள்ளும். மெல்லிய இதழை வெயிலில் விரித்து வைத்திருப்பது தண்ணீரைக் காற்றில் விடுவதற்குச் சமம். இந்தச் செடி காலையில் சில மணிநேரம் கடை திறந்து, வரவேண்டிய தேனீ வந்துபோனதும் சாத்திவிடுகிறது. வேர் மட்டும் தடித்து, கட்டைபோல இறுகி, ஆழத்தில் இருக்கும். மேலே தெரியும் தண்டு ஒரு நூல். அந்த நூலையும் இலையையும் விரல் நுனியால் தடவினால் பட்டு. அத்தனை நெருக்கமாக வெள்ளி ரோமம். தாமதமாக எழுந்து பதினொரு மணிக்கு அலுவலகத்துக்குக் கிளம்புகிறவர்களில் சிலர் இப்படி ஒரு பூ இங்கே இருப்பதையே நம்பவில்லை. அவர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

ரோமம் என்று சொன்னேன். இந்த முற்றத்தில் அதன் உச்சம் சிறுபீளையிடம். தண்டிலும் இலையிலும் மெல்லிய வெண்பஞ்சு. இலைக்கக்கம் தோறும் நெருக்கி அடுக்கிய வெண்கதிர்கள். பூ எது, பஞ்சு எது என்று பிரிக்க லென்ஸ் வேண்டும். இந்த ரோமம் இரண்டு வேலை செய்கிறது. விழும் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. இலைமேல் அசையாத காற்றின் ஒரு மெல்லிய படலத்தைப் பிடித்து வைத்து, வறண்ட காற்று நேராக வந்து ஈரத்தை உறிஞ்சாமல் தடுக்கிறது. நமக்கு அது அழகாகத் தெரிகிறது. மாலை ஐந்து மணிக்கு மேற்கேயிருந்து சாய்வாக வரும் வெயிலில் ஒரு சிறுபீளைப் புதர் முழுவதும் விளிம்பு ஒளிர நிற்கும். ஒவ்வொரு கதிருக்கும் ஒரு வெண்சுடர்க் கோடு. அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் வேலையை விட்டு எழுந்து வருவதுண்டு.

சிறுபீளையைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் முதல்வர், மகன் வீட்டுக்குக் கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் ஒரு பாட்டி. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முந்தின நாள் பூளைப்பூ என்னும் சிறுபீளையும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டுவது வழக்கம். “ஏங்கண்ணு, மெட்ராசுல இதெல்லாம் எங்க கெடைக்கப் போவுதுன்னு இருந்தேன். வாசல்லயே பூத்துக் கெடக்குது பாரு” என்று தோட்டம் பார்க்கும் அக்காவிடம் சொல்லி, அக்கா பறித்துக் கொடுக்க வாங்கிப் போனார். மார்கழிக் கடைசி நாளில் எங்கள் மூன்றாவது கட்டடத்தின் சில வீட்டு வாசல்களில் காப்பு தொங்கியது. புல்தரையிலிருந்து யாரும் எதையும் பறித்துப்போய் வாசலில் கட்டியதில்லை.

தும்பைக்கு இங்கே யாரும் இடம் ஒதுக்கவில்லை. மண்ணைத் தொட்டதும் அதுவாக வந்தது. வேட்டியின் வெண்மைக்கே நாம் தும்பையைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறோம். ஆனால் அந்தப் பூவை அருகில் வைத்துப் பார்த்தவர் குறைவு. தண்டைச் சுற்றி உருண்டையாக ஒரு பச்சைக் கொத்து. அதிலிருந்து வெளியே நீளும் வெள்ளைப் பூவுக்கு இரண்டு உதடு. மேலுதடு சிறியது, கவிந்தது, அதன் முதுகில் பஞ்சு ரோமம். மகரந்தத்தை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காக்கும் கூரை அது. கீழுதடு அகன்றது, தேனீ வந்து இறங்குவதற்கான திண்ணை. ஒரு தேனீ திண்ணையில் இறங்கித் தலையை உள்ளே நீட்டும்போது கூரை அதன் முதுகில் தூளைத் தடவி அனுப்புகிறது. தை, மாசி வரை இந்த வெண்மை நீடிக்கும். பிறகு செடி காய்ந்து பழுப்பாகி நொறுங்கும். மற்றவை வேரிலும் ரோமத்திலும் சேமிக்கின்றன. தும்பையோ கோடையை விதையாகவே கழித்துவிடுகிறது. காய்ந்த செடியைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டவர்களிடம், விதை கொட்டட்டும் என்று அக்கா சொல்லிவிட்டார்.

இப்போது முற்றத்தின் அரசிக்கு வருவோம். கிழக்குச் சுவரை ஒட்டி ஆளுயரப் புதர்களாக ஆவாரை. எந்த மாதம் வந்தாலும் எங்காவது ஒரு கிளையில் மஞ்சள் இருக்கும். வாடாத, வெளிறாத, தங்கத்துக்கு மிக நெருங்கிய மஞ்சள். மொட்டு உருண்டை முத்து. விரிந்த இதழின் விளிம்பு லேசாக நெளிந்திருக்கும். இதழுக்குள் ஓடும் நரம்புகள் ஆரஞ்சு நிறத்தை எட்டிப் பிடிக்கும். இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். அங்கே இரண்டு பெரிய பச்சை மடல்கள் காதுகளாக அகன்று தண்டைத் தழுவி நிற்கின்றன. பெரும்பாலான செடிகளில் இந்த இடத்தில் இருப்பது கண்ணுக்கே தெரியாத ஒரு செதில். ஆவாரை அதையும் வடிவாகச் செய்து வைத்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு இணைச் சிற்றிலைகள் கொண்ட காம்பில், ஒவ்வோர் இணைக்கும் நடுவே ஊசிமுனை அளவில் ஒரு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். அதில் ஊறும் இனிப்புக்கு எறும்புகள் வரும். வந்த எறும்புகள் இலை தின்ன வரும் புழுக்களுக்குத் தொல்லை கொடுக்கும். மாலை மங்கியதும் சிற்றிலைகள் இணை இணையாக மடிந்து கொள்ளும். விளக்கு வெளிச்சத்தில் இரவு நடை போகிறவர்கள் பார்ப்பது பகலில் பார்த்த புதரே அல்ல. பாதியாய் ஒடுங்கிய வேறொரு மெல்லிய உருவம்.

ஆவாரம்பூவைக் காதாலும் ரசிக்க வேண்டும். அதில் தேன் கிடையாது. தேன் தயாரிக்கத் தண்ணீரும் சர்க்கரையும் செலவாகும். ஆவாரை மகரந்தத்தை மட்டுமே கொடுக்கிறது, அதையும் மூடி வைத்துக் கொடுக்கிறது. அதன் மகரந்தப் பைகள் வெடித்துத் திறப்பதில்லை; நுனியில் ஊசித் துளை மட்டும் உண்டு. கருவண்டு ஒன்று வந்து பூவைக் கால்களால் கட்டிப்பிடிக்கும். இறகை அசைக்காமல் உடலை மட்டும் அதிர்க்கும். பறந்து வரும்போது கேட்ட கனத்த ரீங்காரம் சட்டென்று ஏறி, மேல் சுருதியில் ஒரு குறுகிய முழக்கமாக மாறும். அந்த அதிர்வில் துளையிலிருந்து தூள் பீறிடும். மறுபடி கீழ்ச்சுருதி, அடுத்த பூ, மறுபடி மேல்ஸ்வரம். காலை ஏழு மணிக்கு ஆவாரைப் பக்கம் ஐந்து நிமிடம் கண்ணை மூடி நின்றால் வண்டு எப்போது பறக்கிறது, எப்போது பூவில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். முன்பு இந்த நேரத்தில் இங்கே கேட்டது புல்வெட்டும் இயந்திரம்.

இந்தப் பூவுக்குப் பின்னால் ஒரு தொழிலின் வரலாறும் உண்டு. ஆவாரம்பட்டையில் துவர்ப்பு மிகுதி. பழைய சென்னை மாகாணத்தின் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் இந்தப் பட்டையை நம்பித்தான் நடந்தது. இங்கிருந்து கப்பலேறிய தோல்கள் பலவும் ஆவாரையில் ஊறியவை. தரிசில் தானாக வளரும் ஒரு செடி, யாரும் தண்ணீர் பாய்ச்சாமல், இத்தனை கைகளுக்கு வேலை கொடுத்திருக்கிறது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது காயாவையும் ஆவிரையையும் பூளையையும் கிட்டத்தட்ட ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். அந்த மூன்றும் எங்கள் முற்றத்தில் ஒரே வளைவில் நிற்கின்றன என்பது எனக்குத் தனிப்பட்ட பெருமை. அவற்றில் காயா, ஊர்வழக்கில் காசா, இன்னும் சிறு மரமாகவே இருக்கிறது. மெதுவாக வளரும் இனம், அவசரப்படுத்த முடியாது. ஆனால் அதன் இலையைப் பார்க்கப் பூ வரை காத்திருக்க வேண்டாம். தடித்து, விறைத்து, மெழுகு பூசிய கரும்பச்சை. நரம்பு வெளியே தெரியாது. எல்லாம் உள்ளே அடங்கியிருக்கும். வெயிலை எதிரே பிடித்தால் இலை கண்ணாடியாகத் திருப்பிக் காட்டும். சோழமண்டலக் கரையோரக் காட்டின் முகமே இதுதான். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் நிலத்தில், இலை உதிர்க்காமல் ஆண்டு முழுதும் பச்சையாகவே நிற்கும் காடு அது. பாலை, வீரை, குருந்து, காயா எல்லாமே அதிக உயரம் போகாத, சிறிய, தடித்த, பளபளத்த இலைகள் கொண்ட மரங்கள். ஒருமுறை செய்த இலையை நெடுநாள் வைத்துக் காப்பாற்றுவது அவற்றின் வழி. உதிர்த்து உதிர்த்துப் புதிது செய்யும் செலவு அவற்றுக்கு வேண்டாம்.

கோடை முற்றும்போது காயா பூக்கும். இலைக்கொத்துக்குக் கீழே, வெறுங்கிளையின் கணுக்களில், இளஞ்சிவப்பு மொட்டுகள் திரளும். அவை ஒன்றாக விரியும்போது கிளையின் பட்டை மறைந்து, ஊதாவுக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட ஒரு நிறம் கிளை நெடுகப் பொங்கி நிற்கும். மேலே கரும்பச்சை, கீழே அந்த நீலம், அதற்கும் கீழே காய்ந்த தரையின் பழுப்பு. வெப்பம் ஏறிய சித்திரையில் கண்ணுக்கு இதைவிடக் குளிர்ந்த காட்சி கிடையாது. எங்கள் மரத்தில் கடந்த கோடையில் இரண்டு கிளைகள் மட்டும் பூத்தன. முழு அழகையும் பார்க்க விரும்புகிறவர்கள் புதுச்சேரிக்கு அருகில் உள்ள புத்துப்பட்டுக் கோயில்காட்டுக்குப் போகலாம். நகருக்குள்ளேயே 2.7 சதுர கிலோமீட்டரில் கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. கரையோரக் காட்டின் சாயல் அங்கேயும் மிச்சம் உண்டு.

புல்லை நீக்கினோம் என்று சொன்னேனே தவிர, புல்லே இல்லாமல் போய்விடவில்லை. மேற்கு மூலையில், பாதையிலிருந்து எட்ட, இரண்டு புற்கள் கொத்துக் கொத்தாக வளர்கின்றன. ஒன்று கொளுக்கட்டைப் புல். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் காங்கயம் மாடுகளை வளர்த்த புல். அதன் கதிர் முழுக்க மென்மயிர். இளமையில் ஊதா ஏறிய நிறம், முதிர்ந்தால் வைக்கோல் பொன். மற்றொன்று ஊசிப்புல். இதன் விதைக்குப் பின்னால் நீண்ட கருமயிர் ஒன்று முறுக்கிக்கொண்டு இருக்கும். காற்று காய்ந்தால் முறுக்கு ஏறும். பனி பட்டால், மழை பட்டால், முறுக்கு அவிழும். ஏறியும் அவிழ்ந்தும் அது சுழல, முனை கூர்ந்த விதை தன்னைத் தானே மண்ணுக்குள் திருகி இறக்கிக்கொள்கிறது. ஒரு விதையை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உயிரற்ற அந்த மயிர் மெல்லத் திரும்புவதைக் கண்ட குழந்தைகள் அன்று முழுவதும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். வேட்டி, சேலையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் இதற்கு மூலையில் இடம். சில்லைக் குருவிகளுக்கு அந்தத் தடை இல்லை. பத்துப் பதினைந்தாக வந்து தாளில் தொற்றி, தாள் வளைய வளைய விதை பறித்துத் தின்னும்.

தெற்கு மூலையில் இடுப்பளவு கிளுவை வேலிக்குப் பின்னால் ஒரு சிறிய பாத்தி இருக்கிறது. வைகாசியில் போனால் வெறும் மண். அங்கே ஒன்றுமே இல்லை என்று நினைத்துத் திரும்பிவிடக் கூடாது. மண்ணுக்குள் செங்காந்தள் கிழங்கு தூங்குகிறது. மழைக்காலம் தொடங்கும்போது முளைவிட்டு, கைக்கெட்டிய கிளுவைக் கிளையைப் பிடித்து ஏறும். அதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி இல்லை. ஒவ்வோர் இலையும் தன் நுனியை நீட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொள்கிறது. இலையாக இருந்துகொண்டே விரலாகவும் ஆகிறது. கார்த்திகையில் பூ. தலை கவிழ்ந்த பூவின் ஆறு இதழ்களும் பின்னோக்கி எழுந்து மேலே நிற்கும். விளிம்பு முழுவதும் அலை அலையாக நெளியும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள். அடுத்தடுத்த நாட்களில் நுனியிலிருந்து சிவப்பு இறங்கும். வாடும் முன் முழுச் செம்மை. ஒரே கொடியில் மூன்று வயதுப் பூக்களையும் சேர்த்துப் பார்ப்பது பெரும் பேறு. சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் அந்த வளைவு, வரைந்து பார்த்தாலன்றிக் கண்ணில் நிற்காது. தமிழ்நாட்டின் மாநில மலர் இது. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு, வேலி அதற்காகத்தான். குழந்தைகள் வேலிக்கு இப்பாலிருந்து பார்க்கிறார்கள், பெரியவர்கள் உடனிருக்க.

செடிகளை மட்டும் புகழ்ந்துவிட்டு, அவற்றை வைத்த கையை விட்டுவிடக் கூடாது. முற்றத்தின் தரையே நுட்பமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவு. ஓரத்தில் ஒரு முழ ஆழத்தில் வளைந்தோடும் பள்ளம். அதன் கரையில் வெட்டிவேர். வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்குத்தாக மூன்று மீட்டர் வரை இறங்கும். கரை கரையாமல் நிற்க அது போதும். ஐப்பசியில் அடைமழை பெய்யும்போது மாடியில் நின்று பாருங்கள். நாலாபுறமிருந்தும் தண்ணீர் அந்தப் பள்ளத்துக்கு வந்து, வெட்டிவேரைச் சுற்றித் தயங்கி, பொறுமையாக மண்ணுக்குள் போகிறது. மழை விட்ட பிறகு எழும் மண்வாசனையில் வெட்டிவேரின் வாசனையும் கலந்திருக்கும்.

உயரங்களின் அடுக்கும் யோசித்து வைத்தது. நடுவில் தரையோடு பொடுதலை, அதைச் சுற்றிக் கணுக்கால் உயர விஷ்ணுகிராந்தியும் சிறுபீளையும், முழங்காலில் தும்பை, சுவரோரம் ஆவாரை, அதற்கும் பின்னால் காயா. எந்த மூலையில் உட்கார்ந்தாலும் ஒன்று மற்றொன்றை மறைப்பதில்லை. இத்தனையையும் கட்டிக் காப்பது செய்யூர்ப் பக்கத்திலிருந்து வரும் தோட்டக்கார அக்காவின் கண். களை எடுக்கும்போது அவர் விரல் எதைப் பிடுங்குகிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று கவனித்தால் போதும். இரண்டு இலை விட்ட முளையைப் பார்த்தே பெயர் சொல்வார். முதல் ஆண்டில் ஒருவர், “இதுக்கெல்லாம் தினமும் தண்ணி விடறீங்களா அக்கா?” என்று கேட்டார். “இதெல்லாம் எங்க ஊரு வரப்புல தானா மொளைக்கிறது சார். வேரு புடிக்கிற வரைக்கும் ஊத்துவேன். அப்புறம் அதும்பாட்டுக்கு இருக்கும்” என்றார். ஆவாரையைக் கவாத்து செய்யும்போது ஒரே மட்டமாக வெட்டித் தள்ளமாட்டார். பூத்து முடிந்த கிளையை மட்டும், கணுவுக்கு மேலே, சாய்வாக. வெட்டிய இடம் அடுத்த வாரம் தேடினாலும் தெரியாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோடையில் இந்த முற்றம் பழுப்பாகத்தான் இருக்கும். பாதிச் செடிகள் உறங்கும், பொடுதலை இலை சிறுத்துக் கறுக்கும், புற்கள் பொன்னாகிச் சாயும். அதைக் குறையாகப் பார்க்கப் பழகியிருக்கிறோம். நான் அதை ஒரு பருவமாகப் பார்க்கிறேன். பழுப்பிலும் எத்தனை நிறங்கள்! ஆவாரங்காயின் காகிதப் பழுப்பு, கொளுக்கட்டைத் தாளின் பொன்பழுப்பு, தும்பைச் சருகின் சாம்பல்பழுப்பு. காற்று அடித்தால் ஆவாரங்காய்கள் கலகலக்கும். இந்தக் கரையின் கோடைக்கு இதுதான் உண்மையான நிறம்.

உங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒரு பொதுப் புல்தரை இருந்தால், அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் அதன் ஒரு மூலையை மட்டும் கேட்டு வாங்குங்கள். தொடங்குவதற்கு ஆவாரை, பொடுதலை, விஷ்ணுகிராந்தி மூன்றும் போதும். புரட்டாசிக் கடைசிக்குள் நட்டுவிட்டால் ஐப்பசி மழை வேர்பிடிக்க வைத்துவிடும். முதல் கோடையில் மட்டும் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டாம் கோடையிலிருந்து பொடுதலைக்கு வாரம் ஒருமுறை நனைத்தால் போதும்; மற்ற இரண்டுக்கும் அதுவும் தேவைப்படாது.